செருப்புக்கு ஐசி கிடையாது

வரிசையில் முதலில் நின்றது ஒரு செருப்பு.

நீல வார் போட்ட ரப்பர் சிலிப்பர். இடது கால் வார் அறுந்துபோய் ஊக்கு குத்தியிருக்கும். அது இராஜம்மாவுடையது என்று அந்த அடுக்குமாடியில் தெரியாதவர் கிடையாது. சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் சிவநேசன் கடை ஷட்டருக்கு நேர் எதிரே, அஞ்சடி நடைபாதைச் சிமெண்டில், மூக்கு கடையைப் பார்க்க அது வந்து உட்கார்ந்துவிடும். அதன் பின்னால் ஒரு பிரம்புக் கூடை, பாதிச் செங்கல், தண்ணீர் போத்தல், கார்த்திகேசு அங்கிளின் கறுப்புச் சப்பாத்து, பிறகு மேலும் மேலும் செருப்புகள். ஆட்கள் தூண் ஓரமாகக் குந்தி ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டதும் அவரவர் செருப்புக்குள் அவரவர் கால் போய்விடும்.

எல்லாம் பாக்கெட் எண்ணெய்க்காக. ஒரு கிலோ, அரசாங்க விலை, ஆளுக்கு இரண்டு. போத்தல் எண்ணெய் உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். அதற்கு யாரும் வரிசை நிற்பதில்லை. கிள்ளானில் போத்தல் எண்ணெய் வாங்குகிறவர்கள் வேறு ஜாதி. அவர்கள் காரில் வந்து ஏசிக் கடையில் வாங்குகிறவர்கள்.

இராஜம்மாவுக்கு எண்ணெயைவிட அந்த முதல் இடம் பெரிது. பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. பின் கேட் வழியாகத்தான் போக வேண்டும். கிளினிக்குக்குப் போனால் அவள் நம்பர் கடைசியில்தான் கூப்பிடப்படும். அம்பத்தெட்டு வயதில் அவளுக்கு முன்னால் யாரும் நிற்காத ஒரே இடம் சிவநேசன் கடை வாசல். "இராஜம்மாக்கா வந்தாச்சா? அப்ப மணி அஞ்சர" என்று ஆட்கள் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அவளிடம் ஒரு சின்னப் பர்சு உண்டு. ஐசி என்கிற அடையாள அட்டை வைக்கிற பர்சு; முன்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல். மற்றவர்கள் பர்சில் அந்த ஜன்னல் வழியே கார்டு தெரியும். இராஜம்மா பர்சில் மாரியம்மன் தெரிவாள். அம்மனுக்குப் பின்னால் சிவப்பு ஐசி. நீல ஐசி என்றால் நீ இந்த நாட்டுக்காரி. சிவப்பு என்றால் இங்கே இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். இராஜம்மா பிறந்தது காப்பார் தோட்டத்து லயத்தில். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அவள் அப்பனுக்குக் கள்ளுக்கடை வழி மட்டும்தான் தெரியும். நீல ஐசிக்கு நான்கு தடவை மனுப் போட்டாள். நான்கு தடவையும் ஒரே பதில், ஒரே வரி. புருஷன் தம்புசாமி நீலக் கார்டுக்காரன் என்பதால் மகளுக்கு நீலம் கிடைத்தது. அவன் போய்ச் சேர்ந்தபின் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த அடுக்குமாடிக்கு வந்தார்கள். இங்கே ஒருவருக்கும் அவள் கார்டின் நிறம் தெரியாது. பதினோரு வருஷமாக மாரியம்மன் காவல் காத்தாள்.

மகள் பேர் மாதவி. அந்தப் ப்ளோக்கிலேயே முதல் பட்டதாரி. படித்தது சரித்திரம். பட்டத்தைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள், வேறு சுவர் இல்லாததால். பதினான்கு மாதமாக அது வடைப் புகை குடித்து மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. வேலை கிடைக்கவில்லை. நேர்காணலுக்குக் கூப்பிடுகிற இடத்தில் "ஹிஸ்டரியா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடுகிறாள். அந்த வாய் யாருக்கும் அடங்காது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, வரிசையில் சண்டை மூண்டது.

"யாரு என் கூடைய நகத்தி வச்சது?" என்று ஆரம்பித்தது புஷ்பவல்லி. இரண்டாம் மாடி, நாசி லெமாக் சோறு கட்டி விற்கிறவள், குரலுக்கு மைக் தேவையில்லை. "இந்தப் பச்ச செருப்பு யாருது? போன வாரம் வரைக்கும் இது இங்க கெடையாது. இன்னிக்கு எனக்கு முன்னாடி வந்து நிக்குது!"

"கூடைக்குக் கால் மொளச்சிருக்கும் லா," என்றான் யாரோ.

"உனக்குக் கொழுப்பு மொளச்சிருக்கு."

கார்த்திகேசு அங்கிள் ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க். கோபம் வந்தாலும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் கோபப்படுவார். "என்ர சப்பாத்து நாலாவதாய் இருந்தது. இப்ப ஒன்பதாவது. சப்பாத்து தானாய் நடந்து போகுமோ?" என்றார்.

அதற்குள் ஷட்டர் திறந்தது. முப்பத்தொன்றாவது ஆளோடு எண்ணெய் தீர்ந்து, சிவநேசன் கையை விரித்து "ஹாபிஸ்! ஹாபிஸ்!" என்று கத்தினான். வெளியே இன்னும் இருபது செருப்பு காத்திருந்தது. புஷ்பவல்லி பச்சைச் செருப்பை எடுத்துச் சாக்கடையில் வீசினாள். செருப்புக்காரி புஷ்பவல்லியின் கூடையை மிதித்தாள். இரண்டு பேரும் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடிக்க இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தபோது மாதவி படியில் ஏறி நின்று கத்தினாள்.

"செருப்புக்கு ஐசி இருக்கா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"இருக்கான்னு கேக்குறேன். இது யாரு செருப்பு, எத்தன மணிக்கு வந்துச்சு, யாரு நகத்துனா, செருப்பு சொல்லுமா? செருப்ப நம்பி வரிச நின்னா செருப்படிதான் மிச்சம்."

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டம் சண்டை போடாது. மாதவி அந்த நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நூறு வருஷத்துக்கு முன்னால், ரஷ்யாவில், ரொட்டிக் கடை வாசலில் ஜனங்கள் குளிரில் நாள் கணக்காக நின்றதைப் பற்றி அவள் இரண்டாம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அங்கே ஜனங்களே பட்டியல் போட்டார்கள், உள்ளங்கையில் நம்பர் எழுதிக்கொண்டார்கள், பெயர் கூப்பிடும்போது இல்லாதவனை அடித்து நீக்கினார்கள். விரிவுரையாளர் "நல்ல கவனிப்பு" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பதினான்கு மாதத்தில் அந்தப் படிப்பு எதற்காவது உதவப் போகிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"அடுத்த வாரத்துலருந்து நோட்டு. வர்ற நேரத்துக்குப் பேரு எழுதுவேன், கையில நம்பர் போடுவேன். ஒருத்தரே ரெண்டு தடவ வந்து ஏமாத்தாம இருக்க, ஐசியோட கடைசி நாலு நம்பர். செருப்பெல்லாம் கால்ல இருக்கட்டும்."

"படிச்ச பொண்ணுன்னா படிச்ச பொண்ணுதான்," என்றாள் புஷ்பவல்லி, மிதிபட்ட கூடையை நிமிர்த்தியபடி.

இராஜம்மா வீட்டுக்கு நடக்கும்போதுதான், "நாலு நம்பர் மட்டும் போதுமா? கார்டு காட்ட வேணாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. வாயால சொன்னா போதும். நம்பருக்கு என்ன கலரா இருக்கு?"

மாதவி அதை யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான் சொன்னாள். அம்மாவை மனத்தில் வைத்தே ஓட்டையில்லாமல் சட்டம் போட்டுவிட்டதாக அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அடுத்த சனிக்கிழமை 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றும் கறுப்பு மார்க்கர் பேனாவும் வந்தன. முதல் பக்கம், முதல் வரி: இராஜம்மா. இராஜம்மா நான்கு இலக்கத்தையும் பர்சைத் திறக்காமலே ஒப்பித்துவிட்டுக் கையை நீட்டினாள். மகள் அம்மாவின் உள்ளங்கையில் பெரிதாக '1' போட்டாள். தனக்கு இரண்டு போட்டுக்கொண்டாள். அன்றைக்குச் சண்டை இல்லை. முப்பத்தைந்து பேருக்கு எண்ணெய் கிடைத்தது, கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. கார்த்திகேசு அங்கிள் "இதுதான் முறை" என்று மூன்று தடவை சொன்னார். சிவநேசன் வெளியே வந்து நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உன்ன என் கடைக்கு மேனேஜரா போடணும் லா," என்றான். போடவில்லை. குடிக்க ஒரு மைலோ கொடுத்தான்.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. ஆட்கள் மாதவியை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இராஜம்மா சனிக்கிழமைகளில் பாத்திரத்தை இடது கையால் கழுவினாள். ஞாயிறு காலை வரைக்கும் அந்த '1' அவள் கையில் இருக்கும்.

நான்காவது வாரம் லோரி பாதிச் சரக்குதான் இறக்கியது.

வரிசையோ அறுபதைத் தாண்டியிருந்தது. கடைசியில் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசப் பையன்கள் இரண்டு பேர். அவர்கள் கையிலும் மாதவிதான் நம்பர் போட்டிருந்தாள், பாஸ்போர்ட்டின் கடைசி நான்கு இலக்கத்தை வாங்கி. எட்டு மணிக்கு சிவநேசன் பாதி ஷட்டரைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தான். "நோட்டக் குடு," என்றான்.

கொடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. சரக்கு கம்மி. இன்னையிலருந்து நானே நோட்டப் பாத்துக் கூப்பிடுவேன். கார்ட எடுத்துக் கையில வச்சுக்குங்க. நாலு நம்பர் ஒத்துப் போகணும். நீல ஐசி மட்டும்."

"சரியாச் சொன்னீங்க பாஸ்!" என்றாள் புஷ்பவல்லி. "நம்ம ஆளுங்களுக்கே பத்தல. வந்தவன் போனவனுக்கெல்லாம் குடுத்தா எப்படி?"

வரிசை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. அந்த இரண்டு பையன்களும் யாரும் சொல்லாமலே நகர்ந்து, மோட்டார்சைக்கிளை மிதித்துக் கிளம்பிப் போனார்கள். மாதவிக்கு அப்போது முதலில் வந்தது கோபமில்லை. இரண்டு ஆள் குறைந்தது என்ற ஒரு சின்ன நிம்மதி. அதற்குப் பிறகுதான் அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்த நிம்மதியை அவள் தனக்கு மன்னிக்கப் போவதில்லை.

"நம்பர் ஒண்ணு. இராஜம்மா."

இராஜம்மா நகரவில்லை. பர்சை இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அக்கா, உங்களத்தான். கார்டு."

"ஐசி வீட்டுல இருக்கு தம்பி."

"பர்சுதான் கையில இருக்கே," என்றாள் புஷ்பவல்லி பின்னாலிருந்து. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவி செய்கிற குரல்தான். "உள்ள பாருக்கா, அம்மன் படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருப்ப. எங்கம்மாவும் அப்படித்தான் சொருகிட்டுத் தேடுவா." என்று கையை நீட்டிப் படத்தை உருவியே விட்டாள்.

சிவப்பு.

புஷ்பவல்லி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். பிறகு, வாயை மூடிப் பழக்கமில்லாததால், கேட்டாள்: "ஐயோ, நீ ஊர்க்காரியாக்கா? எந்தப் பக்கம்? திருச்சியா?"

"காப்பார்," என்றாள் இராஜம்மா. "நாலாங்கட்ட லயம்."

"அப்புறம் எப்படி…"

மாதவி இடையில் புகுந்தாள். "பாஸ், நீல ஐசி மட்டும்னு யாரு சொன்னா? லெட்டர் இருக்கா? காட்டுங்க."

"லெட்டர் எதுக்கு? கட என்னுது."

"பதினோரு வருஷமா இவங்களுக்கு வித்தீங்க. அப்ப கலர் கேட்டீங்களா?"

"அப்ப யாரு கணக்கா பாத்தா? செருப்ப வச்சுட்டு வந்தாங்க, குடுத்தேன்." சிவநேசன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. "நீதாம்மா நோட்டுப் போட்ட. ஐசி நம்பர் எழுதணும்னு நீதான் சொன்ன. எனக்கு இதெல்லாம் எங்க தோணிச்சு? இப்ப உங்கம்மாவுக்கு மட்டும் வேற ரூல்னா, பின்னால இருக்கவங்க என்னையச் சும்மா விடுவாங்களா? நீயே கேளு."

மாதவி திரும்பினாள். கேட்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். மூன்று வாரமாக டீச்சர் என்றவர்கள் ஷட்டரைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள். "இதுதான் முறை" என்ற கார்த்திகேசு அங்கிள் தன் சப்பாத்தைப் பார்த்தார். நடுவிலிருந்து ஒரு குரல், "சீக்கிரம் லா, வேலைக்குப் போகணும்," என்றது.

இராஜம்மா படத்தை வாங்கிப் பர்சில் செருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். "நீ வாங்கு மாதவி. ரெண்டாவது நீதான்."

அந்த எண்ணெயை அவன் முகத்தில் அடித்துவிட்டு வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் நீலக் கார்டைக் காட்டினாள், நான்கு இலக்கம் ஒத்துப்போயிற்று, இரண்டு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இராஜம்மா செய்த முதல் வேலை, சட்டி தேய்க்கிற கம்பி நாரை எடுத்து உள்ளங்கையைத் தேய்த்தது. தோல் சிவந்த பிறகும் நம்பர் மங்கலாகத் தெரிந்தது.

"விடும்மா. தானா போயிடும்."

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க பாத்தா என்னான்னு கேக்கும்."

"இன்னிக்கு சனிக்கெழம."

இராஜம்மா நாரைக் கீழே வைக்கவில்லை. மாதவி திரும்ப ஒரு மனுப் போடலாம் என்றாள், இந்தத் தடவை தானே எழுதுவதாக, யாரையாவது போய்ப் பார்ப்பதாக. சொல்லச் சொல்ல அவள் குரலே அவளுக்கு அலுவலகக் கவுண்டர் குரல் மாதிரிக் கேட்டது.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல," என்றாள் இராஜம்மா. "ஒழுங்கா இருக்கணும்னு நெனச்ச. எல்லாருக்கும் ஒழுங்கு வந்துச்சு. செருப்பு வச்ச காலத்துல…" அதோடு நிறுத்திவிட்டு, "வட போடவா?" என்றாள்.

அந்த வாரம் மாடிப்படியில் இராஜம்மாவைப் பார்த்தவர்கள் எல்லோரும் புதிதாக அன்பு காட்டினார்கள். "எங்க சித்திக்கும் இப்படித்தான்க்கா" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி எந்த அமைச்சரைப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னாள். ஒருவரும் மணி அஞ்சரையைப் பற்றிப் பேசவில்லை. மாதவி இனி அந்தக் கடைப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தாள். அம்மாவிடம் சொல்லவும் செய்தாள். இராஜம்மா "உன் இஷ்டம்" என்றாள்.

சனிக்கிழமை ஏழே முக்காலுக்கு மாதவி எழுந்தபோது பக்கத்துப் பாய் சுருட்டியிருந்தது.

இறங்கி ஓடினாள். அஞ்சடியில் வரிசை தூண் திரும்பிப் பின்தெருவரை போயிருந்தது. வரிசை முகப்பில் புஷ்பவல்லி, கையில் சிவநேசன் வாங்கி வைத்துக்கொண்ட மாதவியின் 555 நோட்டு. அன்றைய பக்கத்தில் மாதவி போட்ட கோடுகளுக்குப் பக்கத்தில் கோணலாக இன்னொரு கோடு போட்டு 'கலர்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே நீலம், நீலம், நீலம்.

ஷட்டருக்கு நேர் எதிரே, எல்லோருக்கும் முன்னால், சிமெண்டில் ஒரு செருப்பு இருந்தது. நீல வார். இடது காலில் ஊக்கு.

இராஜம்மா சாக்கடை ஓரப் படியில் உட்கார்ந்திருந்தாள், வெறுங்காலோடு.

"என்னாம்மா இது?"

"என்னையக் கேக்காத, உங்கம்மாதான் கேட்டா," என்றாள் புஷ்பவல்லி அவசரமாக. "என்னால அஞ்சரைக்கு வர முடியாது. நாசி லெமாக் கட்டிட்டு வர ஏழாயிடுது. அக்கா எனக்கு எடம் புடிச்சு வைக்கிறேன்னா. பேரு என் பேருதான், நம்பர் ஒண்ணு. என் ரெண்டுல ஒரு பாக்கெட் அக்காவுக்கு. நான் நல்லதுக்குத்தான் செய்யறேன் மாதவி."

மாதவி குனிந்து செருப்பை எடுத்தாள். அதன் மேல்பக்கத்தில் அம்மாவின் ஐந்து விரலும் பள்ளமாகப் பதிந்திருந்தது. "எந்திரிம்மா. போலாம். உனக்கு எண்ணெய் வேணும்னா நான் போத்தல் வாங்கித் தரேன்."

"யாருக்கு எண்ணெய் வேணும்?" இராஜம்மா எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு நான் வரலன்னா ஒளிஞ்சுக்கிட்டேன்னு சொல்வாங்க. பதினோரு வருஷம் அது அங்கதான் நின்னுச்சு. வச்சுடு."

"அது புஷ்பா ஆன்டி எடம்மா. உன்னுது இல்ல."

"எட்டு மணிக்கு மேலதான் அவ எடம்."

பின்னாலிருந்து ஒரு புது ஆள், தொப்பி போட்டவன், தலையை நீட்டினான். "தங்கச்சி, எடுக்குறதுன்னா எடுத்துடு. நாங்க ஒரு அடி முன்னால வந்துக்கிறோம்." அவனுக்குப் பின்னால் அறுபது பேரின் கால்கள் ஒரு தரம் அசைந்தன.

உள்ளே சிவநேசன் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. இராஜம்மா மகளைப் பார்க்கவில்லை. அந்தச் சிமெண்டில் செருப்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதவி செருப்பைக் கீழே வைத்தாள். கோணலாக விழுந்தது. குனிந்து, மூக்கு கடையைப் பார்க்கும்படி, நேராகத் திருப்பி வைத்தாள்.